‘கிப்ட்’ என்ற சொல்லின் வேரைப் பிடிப்பது எப்படி?

வெள்ளவத்தைக் கடைகளில் ‘கிப்ட்’ (gift) என்றால் பரிசு, சரி. ஆனால் அதே எழுத்துகளை ஜெர்மனியில் ஒரு போத்தலில் கண்டால் தொடாதீர்கள், அங்கே அது நஞ்சு. இப்படி ஒரு சொல் குழப்பினால் முதலில் அதன் வினையைத் தேடுங்கள். இங்கே வேர் ‘கொடு’. அப்புறம் கூட்டுச்சொற்களைப் பாருங்கள், பழைய பொருள் பெரும்பாலும் அங்கேதான் தங்கியிருக்கும்: ஜெர்மனில் ‘மிட்கிப்ட்’ என்றால் நம் சீதனம். சுவீடிஷில் அதே எழுத்துகளை ‘யிப்ட்’ என்பார்கள், நஞ்சு என்றும் பொருள், திருமணமானவர் என்றும் பொருள்; நாம் ‘பெண் கொடுத்த இடம்’ என்று சொல்வதை நினைத்தால் இது உடனே விளங்கும், எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அப்படியானால் நஞ்சு எங்கிருந்து வந்தது? இரவல் தடத்தை, அதாவது ஒரு மொழி இன்னொரு மொழியிடம் பொருளை வாங்கிய வழியைப் பாருங்கள். கிரேக்க ‘டோசிஸ்’ என்பதும் ‘கொடுத்தல்’தான், கொடுக்கும் மருந்தின் அளவையும் அது குறித்தது, அதைப் பின்பற்றித்தான் ஜெர்மன் சொல் நஞ்சுக்குப் போனது. பாமசியில் கேட்கிற ‘டோஸ்’ கூட அதே கிரேக்கச் சொல்தான்.