படத்தைப் பார்த்தே டாங்க் எஞ்சினை அடையாளம் காண்பது எப்படி?

பிரிட்டனின் கிளைப் பாதைகளில் ஓடிய நீராவி எஞ்சின்களின் பழைய படங்களைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த வரிசையில் பார்த்துப் பழகுங்கள்.

1. முதலில் பின்பக்கம். கரியும் தண்ணீரும் சுமக்க டெண்டர் என்ற தனி வண்டி மாட்டியிருந்தால் அது நமக்கு வேண்டியதில்லை. டாங்க் எஞ்சின் இரண்டையும் தானே சுமக்கும். கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைத் திருப்ப வட்டமேடை தேவையில்லை. அப்படியே பின்னோக்கி ஓட்டி வரலாம். கிளைப் பாதைக்கு அது பெரிய வசதி.

2. அடுத்து தண்ணீர்த் தொட்டி. இங்கே அவசரப்படாதீர்கள். பாய்லருக்கு இருபுறமும், சக்கரங்களுக்கு மேலுள்ள பலகையில் உட்கார்ந்திருந்தால் சைடு டாங்க். குதிரைச் சேணம் போல பாய்லர்மேல் கவிழ்ந்திருந்தால் சேடில் டாங்க். பக்கவாட்டில் இருந்தும் பலகையைத் தொடாமல், கழுதைமேல் போட்ட பொதி மாதிரி தொங்கினால் பேனியர். ஆரம்பத்தில் பேனியரையெல்லாம் சைடு டாங்க் என்றே குறித்து வைத்திருந்தேன். தொட்டிக்குக் கீழே பாய்லரின் அடிவயிறு தெரிகிறதா என்று பாருங்கள், குழப்பம் தீரும்.

பேனியர் என்றாலே கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனிதான். அவர்களுடைய பெல்பேர் வகை நெருப்புப் பெட்டிக்கு (பாய்லரின் பின்முனையில் கரி எரியும் பகுதி) மேல்பக்கம் சதுரமாக இருக்கும். அதன்மேல் வளைந்த சேணத் தொட்டி சரியாக உட்காராது. அவர்களின் 5700 வகையில் மட்டும் 1929 முதல் 1950 வரை 863 எஞ்சின்கள் கட்டினார்கள்.

3. சக்கரம். சக்கர அமைப்பை முன், நடு, பின் என மூன்று எண்களால் குறிப்பார்கள். ஒரு பக்கம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தண்டு போட்டு இணைத்தவை நடு எண். முன்னும் பின்னும் தனியாக உருளும் சிறியவை ஓர எண்கள். கிரேட் வெஸ்டர்னின் 1400 வகையில் இரண்டு பெரிய சக்கரங்கள், அப்புறம் ஓட்டுநர் அறைக்கு அடியில் ஒரு சின்னது: 0-4-2. அந்தச் சின்னது நிழலில் மறைந்திருக்கும், தேடிப் பாருங்கள். இந்த வகை எஞ்சின் ஒரு பெட்டியைப் பின்னாலிருந்து தள்ளுவது போன்ற படமும் கிடைக்கும். ஓட்டுநர் அந்தப் பெட்டியின் முன்முனையில் நின்று ஓட்டுவார். எஞ்சினில் கரி போடுபவர் மட்டும் இருப்பார்.

4. எண். 1948-இல் ரயில்வே அரசுடைமையான பிறகு எடுத்த படம் என்றால், பெரும்பாலும் சதர்ன் ரயில்வே என்ற கம்பெனியின் எஞ்சின்களுடைய எண்ணோடு 30000 கூட்டியிருப்பார்கள். 32678 என்றால் அதற்கு முன் 2678. கிரேட் வெஸ்டர்ன் எண்கள் வார்ப்புத் தகட்டில் இருந்ததால் அவற்றை மாற்றவில்லை.

5. கடைசியாக இடம். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேலிங் தீவுக்குப் போன பாதையின் படம் ஒன்றைத் தேடி எடுங்கள். அந்தப் பாதையிலிருந்த லாங்ஸ்டன் மரப்பாலம் கனமான எஞ்சினைத் தாங்காது. அதனால் 1872-இல் ஸ்ட்ரவுட்லி என்ற பொறியாளர் வடிவமைத்த, 28 டன் எடையே உள்ள டெரியர் எஞ்சின்கள்தான், 1963-இல் பாதையை மூடும்வரை அங்கே ஓடின. சைடு டாங்க், 0-6-0. படத்தில் சரியாக வருகிறதா, நீங்களே எண்ணிப் பாருங்கள்.