பாட்டுக் கேட்டுக்கொண்டே படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பொதுத்தேர்வும், அம்மன் கோயில் விழாவான பங்குனிப் பொங்கலும் கூடவே கூடவே வரும். ஊர்ப் பொதுவிடமான மந்தையில் மைக் செட் கட்டியதும் பிள்ளைகள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு புத்தகத்தை விரிப்பார்கள். "பாட்டக் கேட்டுக்கிட்டு என்னடா படிப்பு?" என்று அம்மா அதட்டுவார். "கேட்டாத்தாம்மா படிக்கவே ஓடுது" என்று பதில் வரும். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. பாட்டுக் கேட்பது தவறில்லை, எந்த வேலைக்கு எந்தப் பாட்டு என்று பார்க்காமல் போடுவதுதான் தவறு.

முதல் தவறு, மனப்பாடம் செய்யும்போது சொல் உள்ள பாட்டைப் போடுவது. குறளையோ வரலாற்றுப் பாடத்தையோ வாய்விட்டுச் சொல்லாமல் படித்தாலும் உள்ளே ஒரு குரல் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த உள்குரல் ஒரே நேரத்தில் பிடித்து வைப்பது ஏறக்குறைய இரண்டு நொடிப் பேச்சை மட்டும்தான். இந்த விளக்கத்துக்கு அடிப்படையை 1974-ல் ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் முன்வைத்தார்கள். பாட்டின் சொற்களும் அதே இடத்துக்குத்தான் வருகின்றன. அதனால்தான் பல்லவி திரும்ப வரும்போது விரல் அதே வரியில் மூன்றாவது முறை நிற்கிறது. நோட்டில் எழுதிக்கொண்டிருப்பவர் பாடத்தில் இல்லாத ஒரு சொல்லை எழுதிவிட்டு விழிக்கிறார். கவனித்துப் பார்த்தால், அந்தச் சொல் பாட்டில் இருந்திருக்கும்.

"சரி, கொரியன் பாட்டுப் போட்டுக்கொள்கிறேன், அதுதான் புரியாதே" என்று சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள். புரியாத மொழிப் பேச்சும் கெடுக்கும் என்று 1976-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பொருள் மட்டுமல்ல, மாறி மாறி வரும் பேச்சொலியே உள்குரலை இடறிவிடுகிறது.

"பிடித்த பாட்டு தொந்தரவு செய்யாது" என்பதும் இதே வகைதான். 2011-ல் பெர்ஹாம், விசார்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்கச் சொன்னார்கள். பிடித்த பாட்டு ஓடியபோதும் பிடிக்காத பாட்டு ஓடியபோதும், அமைதியில் செய்ததைவிட மதிப்பெண் குறைந்தது. பிடித்த பாட்டில் நேரம் போவது தெரியாது. அதைத்தான் நன்றாகப் படித்ததாக நாம் கணக்கு வைத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் வெறும் இசை? இங்கேதான் விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். வீணையிலோ புல்லாங்குழலிலோ வாசித்த சினிமாப் பாட்டைப் போடுவார்கள். தெரிந்த பாட்டு என்றால் வரிகளை நாமே உள்ளுக்குள் பாடிவிடுவோம். பாடகர் இல்லை என்ற ஒரே வித்தியாசம்தான். ஆகவே இதுவரை கேட்டிராத மெட்டாக, மெதுவாகப் போவதாக, திடீரென்று ஏறி இறங்காததாக இருக்க வேண்டும். கர்நாடக இசைப் பழக்கம் உள்ள வீடுகளில் தாளமில்லாமல் ராகத்தை மட்டும் இழைக்கும் வயலின் ஆலாபனை ஒத்துவரும். மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வேண்டாம், கை தாளம் போடப் போய்விடும். நாதஸ்வரம் திறந்தவெளிக்கான வாத்தியம், இயர்போனில் கேட்டால் முன்னால் வந்து நின்றுகொள்ளும்.

பாட்டைத் தாங்கும் வேலைகளும் நிறைய உண்டு. ரெக்கார்டு நோட்டில் படம் வரைவது, வரைபடத்தில் ஆறுகளைக் குறிப்பது, கிராஃப் போடுவது, மார்ஜின் அடிப்பது, திருத்திய விடையைப் பார்த்து எழுதுவது. இவற்றுக்கு எந்தப் பாட்டும் ஓடலாம், அலுப்புக்கூடக் குறையும். கணக்கில் மட்டும் இரண்டு நிலை உண்டு. புது வகைக் கணக்கை முதல் முறை புரிந்துகொள்ளும்போது நிறுத்திவிட வேண்டும். அதே வகையில் பத்துக் கணக்குப் போட்டுக் கை பழகிய பிறகு ஓடவிடலாம்.

வெளிச் சத்தத்தைப் பாட்டால் அடக்குவது அடுத்த தவறு. மந்தையில் ஒரு பாட்டு, காதில் ஒரு பாட்டு என்றால், வெளியில் இருப்பதை மறைக்கும் வரை வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். பேச்சையும் பாட்டையும் மறைப்பதற்கு, மாறாமல் ஒரே சீராக ஓடும் இரைச்சல் நல்லது. சீலிங் ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வையுங்கள். தெருப்பக்கச் சன்னலைச் சாத்தி உள்ளறைக்கு மாறுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பானை உருட்டிச் செருகி, விரியும் வரை விரலால் பிடித்திருங்கள். அதுவும் போதாவிட்டால் மழைச் சத்தத்தைக் குறைந்த வால்யூமில் வையுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி போடக்கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. விழாக் காலத்துக்குச் சில விலக்குகள் உண்டு. விழாக் கமிட்டியில் தேர்வு எழுதும் பிள்ளையின் அப்பா ஒருவராவது இருப்பார், அவரிடம் சொல்வதுதான் சீக்கிரம் வேலைக்காகும். நகருக்குள் இருப்பவர்களுக்குப் புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பகலில் அங்கே போய் உட்காரலாம்.

வால்யூம் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. வீட்டில் இதைச் சரியாக அளப்பது கடினம். ஒரு கை நீளத்தில் நின்று சாதாரணமாகப் பேசுபவரின் பேச்சு காதில் விழவில்லை என்றால் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு காதில் 'ங்ங்' என்று இரைந்தால் ஏற்கெனவே எல்லை தாண்டியாயிற்று. சித்திரை வெயிலில் வியர்வையோடு மணிக்கணக்கில் மாட்டியிருந்தால் காதுக்குள் புண் வரும். அண்ணன் தம்பி மாற்றி மாற்றி மாட்டுவதும் வேண்டாம்.

போன் கையில் இருப்பது தனிச் சிக்கல். பாட்டை மாற்ற எடுத்த கை வாட்ஸ்அப்பையும் பார்த்துவிட்டுத்தான் வைக்கும். இலவசமாகக் கேட்டால் நடுவில் விளம்பரம் வந்து பேசும். முன்கூட்டியே 40 நிமிடத்துக்குப் பட்டியல் போட்டு இறக்கிவைத்து, விமானப் பயன்முறையில் போட்டு, போனைக் கைக்கெட்டாத அலமாரியில் வைத்துவிடுங்கள். பட்டியல் முடிவதுதான் இடைவேளை மணி.

மேற்கத்திய இசைமேதை மொசார்ட்டின் இசையைக் கேட்டால் மூளை வளரும் என்று விற்பவர்களையும் நம்ப வேண்டாம். இந்தப் பேச்சுக்கு அடிப்படையான 1993-ஆம் ஆண்டுச் சோதனையில் இருந்தவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் இசை கேட்டு முடித்த பிறகுதான் தேர்வு வைத்தார்கள், கேட்டுக்கொண்டே எழுதவில்லை. வடிவங்களை மனதில் மடித்துப் பார்க்கும் திறன் கால் மணி நேரம் போலக் கூடியது, அவ்வளவுதான். எடுத்துக்கொள்வதற்கு அதில் ஒன்று உண்டு: மந்தமாக இருக்கும்போது பிடித்த பாட்டு இரண்டைக் கேட்டு, நிறுத்திவிட்டு, பிறகு உட்காரலாம்.

உங்களுக்கு எது ஒத்துவரும் என்று நான்கு நாளில் தெரிந்துவிடும். தினமும் ஒரே பாடத்தில் 12 வரி கொண்ட இரண்டு புதுப் பத்திகளை எடுங்கள். ஒன்றைப் பாட்டோடும் ஒன்றைப் பாட்டில்லாமலும் தலா 15 நிமிடம் படியுங்கள். எது முதலில் என்பதை தினமும் மாற்றுங்கள். படித்த வரியையே மறுபடி படிக்க நேரும்போதெல்லாம் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் காலையில் புத்தகத்தைத் திறக்காமல் இரண்டிலும் நினைவிருப்பதை எழுதி, கோடுகளையும் எண்ணி, அட்டையில் குறித்து வையுங்கள். தமிழுக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பாருங்கள், மூன்றுக்கும் ஒரே விடை வராது.