நேரடிக் கொடுப்பனவை நிர்வகிப்பது எப்படி? இங்கிலாந்தில் பெற்றோரைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

இங்கிலாந்தில் முதுமையாலோ நோயாலோ உடற்குறையாலோ அன்றாட வேலைகளுக்குப் பிறர் துணை தேவைப்படும் ஒருவருக்கு, உள்ளூர் கவுன்சில் தானே ஒரு பராமரிப்பாளரை அனுப்பலாம். அல்லது அதற்கான பணத்தை அவரிடமே கொடுத்து, உதவியை அவரே தேடிக்கொள்ள விடலாம். இந்த இரண்டாவது வழிதான் டைரக்ட் பேமென்ட் எனப்படும் நேரடிக் கொடுப்பனவு. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கிய இந்த ஏற்பாடு முதலில் 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. 2000இல் முதியோருக்கும் விரிவாக்கப்பட்டது. இப்போது அது 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நடைபெறுகிறது. வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றில் விதிகள் வேறு என்பதால், இங்கே சொல்வதை இங்கிலாந்துக்கு மட்டும் பொருத்திக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு என் அம்மாவைக் குளிக்க வைக்க, ஒரே மாதத்தில் முகம் தெரியாத பலர் மாறி மாறி வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நேரடிக் கொடுப்பனவுக்கு மாறிய பின் நாங்கள் அமர்த்திய தமிழ் அக்கா அம்மாவுடன் பேசியபடியே தலை வாரிவிட்டு, குரக்கன் பிட்டும் அவித்துக் கொடுத்தார். அம்மா மறுபடி நன்றாகச் சாப்பிடத் தொடங்கினார். இந்த வழியை எங்கள் குடும்பங்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பதற்கு அதுவே காரணம். ஆனால் பணம் கைக்கு வரும் அன்றே, சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஒரு முதலாளி ஆகக்கூடும் என்பதை முதலிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதற்படி: தேவை மதிப்பீடு

கவுன்சிலின் வயது வந்தோர் சமூகப் பராமரிப்புப் பிரிவை அழைத்து, தேவை மதிப்பீடு செய்யுமாறு கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். மதிப்பீட்டுக்கு அதிகாரி வரும் நாளில் நம்முடைய பெரியவர்கள் நல்ல சேலை உடுத்தி, தேநீரும் கொடுத்து, "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்பார்கள். பிள்ளைகளும் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். அந்த இரண்டு வாக்கியங்களாலேயே பல குடும்பங்களுக்குக் கிடைக்க வேண்டிய மணித்தியாலங்கள் குறைந்துபோகின்றன. தகுதியைத் தீர்மானிக்கும்போது குடும்பத்தார் செய்யும் உதவியைக் கணக்கில் எடுக்காமலே தேவையைப் பார்க்க வேண்டும் என்பதே விதி. ஆகவே ஒரு வாரம் முழுவதும், இரவில் எத்தனை முறை எழுப்ப வேண்டியிருக்கிறது என்பது உட்பட, எல்லாவற்றையும் எழுதி வைத்து அந்தத் தாளைக் கொடுங்கள். பராமரிக்கும் உங்களுக்கும் தனியாக ஒரு மதிப்பீடு கேட்கும் உரிமை இருக்கிறது.

இரண்டாம் படி: தொகையும் கட்ட வேண்டிய பங்கும்

தகுதி உறுதியானதும் பராமரிப்புத் திட்டமும் அதற்கான தனிநபர் வரவுசெலவுத் தொகையும் எழுத்தில் வரும். அத்துடன் நிதி மதிப்பீடும் நடக்கும். பராமரிப்புப் பெறுபவரின் சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் பொதுவாக முழுச் செலவும் அவருடையது. 14,250க்குக் கீழ் இருந்தால் சேமிப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வீட்டிலேயே பராமரிப்புப் பெறுபவரின் சொந்த வீடு இந்தக் கணக்கில் சேராது. நிதி மதிப்பீட்டில் தீர்மானிக்கப்படும் அவருடைய பங்கைத் தவறாமல் கட்ட வேண்டும். நேரடிக் கொடுப்பனவு வருமானமாகக் கருதப்படாததால், மற்ற உதவித்தொகைகள் அதனால் குறையாது.

மூன்றாம் படி: தனிக் கணக்கு

இந்தப் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கைத் திறவுங்கள். வீட்டுச் செலவுடன் ஒருபோதும் கலக்காதீர்கள். சில கவுன்சில்கள் முன்பணம் ஏற்றிய அட்டை தருகின்றன. உங்களுக்காகக் கணக்கைப் பார்த்துத் தரும் அமைப்புகளும் உண்டு. பராமரிப்புப் பெறுபவருக்குத் தானே முடிவெடுக்கும் ஆற்றல் இருந்தால், பணத்தைக் கையாள ஒருவரை அவரே நியமிக்கலாம். மறதிநோய் முற்றி அந்த ஆற்றல் இல்லாதபோது, பொருத்தமான ஒருவரைக் கவுன்சில் ஏற்று அனுமதிக்க வேண்டும்.

நான்காம் படி: உதவியாளரைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே வீட்டில் வாழும் கணவன், மனைவி, பிள்ளை போன்ற நெருங்கிய உறவினருக்குப் பராமரிப்புக்காகச் சம்பளம் கொடுக்க முடியாது. அது அவசியம் என்று கவுன்சில் ஏற்றால் மட்டுமே விலக்கு. வேறு வீட்டில் வாழும் உறவினரை அமர்த்துவதற்கு இந்தத் தடை இல்லை.

கோயிலில் பழக்கமானவர், ஊர்க்காரர் என்பதற்காக வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்காமல் விட்டுவிடாதீர்கள். பிரித்தானிய அல்லது ஐரிஷ் கடவுச்சீட்டு உள்ளவரின் மூலச் சீட்டைப் பார்த்துப் பிரதி எடுத்து வையுங்கள். ஈ-விசாவில் (இணையத்தில் பதிவாகியுள்ள குடியேற்ற அனுமதி) இருப்பவரிடம் 'ஷேர் கோட்' எனப்படும் பகிர்வுக் குறியீட்டைப் பெற்று, அரச இணையதளத்தில் சரிபாருங்கள். உரிமை இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் முதல் தடவையே 45,000 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். பட்டப்படிப்புக்கு வந்துள்ள மாணவர் பாடக் காலத்தில் பொதுவாக வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. அவருடைய மற்ற வேலைகளும் அதில் அடக்கம்.

"கையில் காசாகத் தாருங்கள்" என்றோ "நான் சுயதொழில் செய்பவர்" என்றோ சிலர் கேட்பார்கள். நேரத்தையும் வேலையையும் நீங்கள் தீர்மானித்தால் அவர் பெரும்பாலும் உங்கள் ஊழியர்தான். அவர் சொல்லும் பெயரால் அது மாறிவிடாது.

ஐந்தாம் படி: முதலாளியின் கடமைகள்

வேலை தொடங்குவதற்கு முன்பே குறைந்தது 50 இலட்சம் பவுணுக்கு முதலாளி பொறுப்புக் காப்புறுதி எடுங்கள். அது இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண் வரை தண்டம் உண்டு. முதல் நாளிலேயே வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சம்பளத்துக்கும் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். 2025-26 வரியாண்டில் வாரச் சம்பளம் 125 பவுணை எட்டினாலே வரித் திணைக்களத்தில் முதலாளியாகப் பதிய வேண்டும். சம்பளக் கணக்கைப் பார்க்கும் நிறுவனத்திடம் இதை ஒப்படைப்பது நல்லது. அதற்கான கட்டணமும் வரவுசெலவில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கவுன்சிலிடம் கேளுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வாரம் 14 மணித்தியாலம், மணிக்கு 13 பவுண் என்றால் வாரச் சம்பளம் 182 பவுண். அந்த வரியாண்டில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் குறைந்தபட்ச மணித்தியால ஊதியம் 12.21 பவுண் என்பதால் இது சட்டத்துக்கு உட்பட்டது. ஊழியருக்கு ஆண்டில் 5.6 வாரம் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. அந்த வாரங்களில் அவருக்கும் சம்பளம் கொடுத்து, பதிலுக்கு வருபவருக்கும் கொடுக்க வேண்டும். அந்த மேலதிகச் செலவு ஆண்டுக்கு 1,019.20 பவுண். எனவே வாரந்தோறும் 19.60 பவுணைத் தொடாமல் ஒதுக்க வேண்டும். முதல் ஆண்டில் நான் இதைச் செய்யவில்லை. எங்கள் உதவியாளர் ஊருக்குப் போன மூன்று வாரமும் வேலைக்கு விடுப்பெடுத்து நானே பார்க்க வேண்டியதாயிற்று.

வாரத்துக்கு 192 பவுணுக்கு மேல் போனால், 22 வயது முதல் அரச ஓய்வூதிய வயது வரையுள்ள ஊழியரை ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கும் கடமையும் வருகிறது. இந்த உதாரணத்தில் ஒரு மணித்தியாலம் கூடினாலே 195 பவுண் ஆகிவிடும். ஆகவே மேலதிக நேரம் கேட்பதற்கு முன் கணக்குப் பாருங்கள். முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்புறுதிக்கு, பராமரிப்பாளரை அமர்த்துபவர்களும் 'எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ்' எனப்படும் வேலைவாய்ப்புச் சலுகையைக் கோரலாம்; அதைக் கோர மறந்தால் வீணாகப் பணம் போகும்.

ஆறாம் படி: பதிவும் மீளாய்வும்

நேர அட்டவணை, சம்பளச் சீட்டு, பற்றுச்சீட்டு, வங்கி அறிக்கை ஆகியவற்றை மாத வாரியாகக் கோப்பில் இடுங்கள். மளிகை, வாடகை, தேசியச் சுகாதாரச் சேவை தர வேண்டிய சிகிச்சை ஆகியவற்றுக்கு இந்தப் பணம் ஆகாது. பராமரிப்பு இல்லத்தில் தங்குவதற்கும் 12 மாதத்தில் தொடர்ந்து நான்கு வாரம் வரையே பயன்படுத்தலாம். முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு மீளாய்வும், பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் நடக்கும். கணக்கில் மிஞ்சிய பணத்தைக் கவுன்சில் திரும்பக் கேட்கலாம் என்பதால், விடுமுறைக்கென ஒதுக்கியது எவ்வளவு, எதற்காக என்று தாளில் குறித்து வையுங்கள்.

பராமரிப்புப் பெறுபவர் இறந்துவிட்டால், அல்லது நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட்டால், துயரத்தின் நடுவிலும் கவுன்சிலுக்கு உடனே அறிவித்துவிடுங்கள். உதவியாளருக்கு உரிய அறிவித்தல் காலச் சம்பளம், எடுக்காத விடுமுறைக்கான பணம், இரண்டு ஆண்டு வேலை செய்திருந்தால் வேலையிழப்புக் கொடுப்பனவு ஆகியவற்றைக் கவுன்சிலிடம் பேசித் தீர்த்த பிறகே கணக்கை மூடுங்கள்.