உங்கள் கற்பனை உலகத்தில் எது பாவம்?

ஃபேன்டசி எழுத உட்காருபவர்கள் வரைபடம் போடுவார்கள், மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று நாற்பது பக்கம் எழுதுவார்கள், அரச பரம்பரைக்கு ஏழு தலைமுறை பெயர் வைப்பார்கள். அந்த மக்களின் அறம் என்று வரும்போது மட்டும் "இவர்கள் வீரத்தைப் போற்றுபவர்கள், மலையில் இருப்பவர்கள் கொடூரர்கள்" என்று ஒரே வரி. என் முதல் நாவல் முயற்சியும் இப்படித்தான். அதில் ஒரு மலைக்குடி வரும். ஏன் கொடூரர்கள் என்று கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரியாது.

எதைப் போற்றுகிறார்கள் என்று தொடங்காதீர்கள். அந்த இடத்தில் மனிதர்கள் எதனால் சாகிறார்கள் என்று கேளுங்கள். மந்தை மேய்ப்பவனின் சொத்து முழுவதையும் ஒரே இரவில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம், முறையிட அரசும் பக்கத்தில் இல்லை. அதனால் "இவன் மேல் கை வைத்தால் விடமாட்டான்" என்ற பேர்தான் அவனுக்கு வேலி. அங்கே ஒரு வசைச்சொல் வெறும் சொல் இல்லை, வேலி எவ்வளவு உறுதி என்று ஆட்டிப் பார்ப்பது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் மான உணர்வை விளக்க ரிச்சர்ட் நிஸ்பெட், டவ் கோஹென் என்ற உளவியலாளர்கள் 1996-இல் வைத்த வாதம் கிட்டத்தட்ட இதுதான். எல்லோரும் ஏற்றுக்கொண்ட வாதமில்லை, ஆனால் கதை எழுத இவ்வளவு போதும். நிலத்தை உழுபவனுக்கு அந்தப் பயம் குறைவு, நிலத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவன் ஊரில் பெரும்பாவம், இரவில் அடுத்தவன் மடையைத் திறந்துவிடுவது.

சரி, இதெல்லாம் நம் உலகம். ஃபேன்டசியில் உங்களுக்கு இன்னொரு வசதி உண்டு: இயற்கை விதியையே மாற்றியிருக்கிறீர்கள், ஆனால் பாவ புண்ணியத்தை மட்டும் பழையபடியே விட்டுவிடுகிறீர்கள், அங்கேதான் பலரின் உலகம் உடைகிறது. செத்தவர்கள் எழுந்து நடக்கும் உலகத்தில், கொலையைவிடப் பிணத்தை எரிக்காமல் போவதுதான் பெரிய குற்றமாக இருக்கும். காயத்தை நொடியில் ஆற்றும் மந்திரம் மலிவாகக் கிடைத்தால், கத்திக்குத்துக்குக் கன்னத்தில் விழும் ஓர் அறையின் மதிப்புதான்.

ஒன்றை மட்டும் எடுத்து நீட்டிப் பார்ப்போம். சத்தியத்தை மீறினால் உயிர் போய்விடும், நிஜமாகவே போய்விடும், இப்படி ஓர் உலகம். அங்கே யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள் என்பதுதான் முதலில் நடக்கும். குழந்தை "கண்டிப்பாக வருவேன்" என்று சொன்னால் அம்மா பதறி வாயைப் பொத்துவாள். எல்லோரும் "பார்க்கலாம்" என்றே பேசுவார்கள். அப்புறம், சத்தியம் வாங்கிவிட்டால் நம்பவே தேவையில்லை என்பதால், வாங்காமல் ஒருவரை நம்புவதுதான் அங்கே ஆக நெருக்கமான காரியம். "நீ எனக்குச் சத்தியம் செய்ய வேண்டாம்" என்பதுதான் காதலைச் சொல்லும் வாக்கியம்.

எந்த அறத்துக்கும் ஒரு கொல்லைப்புறக் கதவு இருக்கும், அதையும் தேடுங்கள். இடைக்கால ஐரோப்பாவில் வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொன்னது. வணிகர்கள் வேறு நாட்டு நாணயத்தில் திருப்பித் தரும் கடன் சீட்டுகளை (உண்டியல்) எழுதி, வட்டியை நாணய மாற்று விகிதத்துக்குள் ஒளித்தார்கள். நம் சத்திய உலகத்திலும் பணக்காரர்கள் கூலிக்கு ஆள் வைத்துச் சத்தியம் செய்ய வைப்பார்கள். முதலாளி வாக்கு மாறினால் சாவது கூலிக்காரி.

பாத்திரத்தின் நோக்கம் இங்கேதான் பிறக்கிறது. அப்படிச் செத்த ஒருத்தியின் மகனை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் அவனைச் சத்திய முறையையே ஒழிக்கக் கிளம்பும் புரட்சிக்காரனாக்குவார்கள், ஏனென்றால் எழுதுபவருக்கு அப்படித் தோன்றுகிறது. அவன் அந்த மண்ணில் வளர்ந்தவன், சத்தியம் அவனுக்குப் புனிதம். அம்மா செத்ததுகூட அவனுக்குச் சரியாகவே படலாம். சத்தியம் செய்தவளின் வாய்க்குப் பின்னால் ஒளிந்து, செய்ய வைத்தவன் தப்பினான் என்பதுதான் அவன் கோபம். கலகக்காரனும் தன் ஊர் அறத்தின் சொற்களில்தான் வாதாடுவான். சுற்றியிருப்பவர்கள் எல்லாம் முட்டாள்கள், நாயகன் மட்டும் நம் காலத்து ஆள் என்று எழுதினால், வாசகர் இரண்டாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

தங்களைக் கெட்டவர்கள் என்று நினைக்கும் சமூகமும் கிடையாது. பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை ஒன்று: பாரசீக மன்னன் டேரியஸ், செத்தவர்களை எரிக்கும் கிரேக்கர்களைக் கூப்பிட்டு, எவ்வளவு பணம் தந்தால் செத்த தகப்பனைத் தின்பீர்கள் என்று கேட்டான். எவ்வளவு தந்தாலும் மாட்டோம் என்றார்கள். பெற்றோரின் உடலைத் தின்னும் வழக்கமுள்ள கல்லாட்டியர்களிடம், எவ்வளவு தந்தால் எரிப்பீர்கள் என்றான். அவர்கள் அலறினார்கள். இரண்டு தரப்புக்கும் இருந்தது பெற்றோர் மேலான மரியாதைதான். உங்கள் வில்லன் கூட்டத்துக்கும் இப்படி வாசகருக்குப் புரியும் ஒரு வேரைக் கொடுங்கள், அதன்மேல் அவர் ஏற்கவே முடியாத செயலை வையுங்கள்.

கடைசியில் ஒரு சோதனை: உங்கள் மக்கள் சண்டையில் சொல்லும் ஒரு வசையை எழுதுங்கள். நம் ஊர் வசையையே போட வேண்டியிருந்தால் இன்னும் வேலை பாக்கி. என் மலைக்குடியை ரொம்ப நாள் கழித்து மறுபடி எடுத்தபோது, முதல் பனி விழுந்ததும் தானியத்தைத் தலைக்கணக்கில் பூட்டிவிடுவார்கள், அதற்குப் பிறகு வழி தவறி வருபவனுக்குக் கதவு திறக்காது என்று வைத்தேன். மலைக்குக் கீழே இருப்பவர்கள் இவர்களைக் கொடூரர்கள் என்று சொல்வது அதைப் பார்த்துத்தான். மலைக்குடிக்குள் இருக்கும் ஆக மோசமான வசை: "உன் வீட்டில் ஒரு வாய் அதிகம்." அதை யார், யாரிடம், எந்தக் கதவுக்கு முன்னால் சொல்கிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன், மூன்று அத்தியாயம் வந்தது.