தோள் மறுபடி இறங்குமா? சிடி ஸ்கேனில் அளந்து பார்க்கும் முறை

மும்பையின் தாராவி, சயான் பக்கம் கபடி ஆடும் பையன்களுக்குத் தோள் இறங்கினால் (மூட்டு நழுவினால்), ஏற்றிவிட்டு ஓர் எக்ஸ்ரேயோடு முடித்துக்கொள்வதுண்டு. அது போதாது. 20 வயதுக்குள் முதல்முறை இறங்கிய தோள் மறுபடி இறங்கும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். எலும்பும் உடைந்திருந்தால் இன்னும் கூடும். எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதை பிசியோதெரபி, ரேடியாலஜி மாணவர்கள் சிடி ஸ்கேனில் இப்படி அளக்கலாம்.

படி 1: ஸ்கேன் சென்டரில் ஃபிலிமோடு நிற்காமல் டைகாம் கோப்புகளை (ஸ்கேனின் மூல டிஜிட்டல் படங்களை) கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் படத்தின் ஒவ்வொரு துண்டின் (ஸ்லைஸ்) தடிமனும் 1 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. போனால் எலும்பின் விளிம்பு மழுங்கித் தெரியும்.

படி 2: 'த்ரீ-டி ஸ்லைசர்' இலவச மென்பொருள். அதில் மேற்கை எலும்பின் தலையை நீக்கிவிட்டு, கிளினாய்ட் குழியை (அந்தத் தலை உட்காரும் தோள்பட்டை எலும்புக் குழியை) நேர்முகமாகத் திருப்புங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். குழி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அகலம் குறைந்து தெரியும், பின்னால் வரும் கணக்கு எல்லாமே தப்பாகும். நல்ல தோளும் படத்தில் இருந்தால், அதையும் அதே கோணத்தில் திருப்பி ஒப்பிடுங்கள்.

படி 3: குழியின் கீழ் மூன்றில் இரண்டு பங்கில், கீழ் விளிம்பும் பின் விளிம்பும் பொருந்தும்படி வட்டம் போடுங்கள். விட்டத்தை 0.83ஆல் பெருக்கி, முன்பக்கம் எலும்பு இல்லாத அகலத்தைக் கழியுங்கள். கிடைப்பது கிளினாய்ட் தடம், அதாவது கை அசையும்போது மேற்கைத் தலையில் குழி தொட்டுப்போகும் பட்டையின் அகலம். தோள் அறுவை மருத்துவர்களான டி ஜாகோமோ, இட்டோய், பர்கார்ட் மூவரும் 2014இல் எழுதிய முறை இது.

படி 4: இப்போது மேற்கைத் தலையைப் பின்னாலிருந்து பாருங்கள். ஹில்-சாக்ஸ் பள்ளத்தின் (தோள் இறங்கும்போது குழி விளிம்பில் மோதித் தலையில் விழும் பள்ளத்தின்) அகலத்தோடு, பள்ளத்துக்கும் ரொட்டேட்டர் கஃப் (தோளைச் சுற்றியுள்ள தசைநாண்கள்) ஒட்டும் இடத்துக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் எலும்பையும் சேர்த்து அளக்க வேண்டும். அந்த நடு எலும்பை விட்டுவிட்டால் ஆபத்தான தோளும் நல்ல தோளாகத் தெரியும். தலையின் கீழ்ப்பகுதியில் இயல்பாகவே ஒரு பள்ளம் உண்டு, அதை ஹில்-சாக்ஸ் என்று எடுத்துவிடாதீர்கள்.

ஒரு கணக்கு: விட்டம் 28 மி.மீ., இழப்பு 4 மி.மீ. 28 × 0.83 = 23.2, தடம் 19.2 மி.மீ. பள்ளமும் நடு எலும்பும் சேர்ந்து 21 மி.மீ. தடத்தைத் தாண்டிவிட்டது, கையைத் தூக்கி வெளியே திருப்பும்போது பள்ளம் குழி விளிம்பில் மாட்டிக்கொள்ளும். குழியில் இழப்பு 14 சதவீதம்தானே என்று மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. அதனால்தான் இரண்டு பக்கமும் அளக்கச் சொல்கிறோம். பள்ளமும் நடு எலும்பும் சேர்ந்து 17 மி.மீ. வந்திருந்தாலும் நிம்மதி கிடையாது, தடத்தின் எல்லைக்கு இடைவெளி 2 மி.மீ.தான், 8 மி.மீ.க்குக் குறைந்தாலே கவனம் வேண்டும்.

லேப்ரம் (குழி விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையம்) கிழிந்திருக்கிறதா என்பதை எம்ஆர்ஐயில்தான் பார்க்க வேண்டும். எல்லா அளவுகளையும், வயது, ஆடும் ஆட்டம் இரண்டோடும் சேர்த்து அறுவை மருத்துவரிடம் கொடுங்கள். பள்ளம் தடத்தைத் தாண்டி, குழி இழப்பு 25 சதவீதத்துக்குள் இருந்தால் பாங்கார்ட் தையலோடு (கிழிந்த லேப்ரத்தைக் குழி விளிம்பில் தைப்பது) ரெம்ப்ளிசாஜையும் (பள்ளத்தைத் தசைநாணால் நிரப்புவது), இழப்பு அதைத் தாண்டினால் லட்டார்ஜேயையும் (எலும்புத் துண்டை எடுத்துக் குழியின் முன்பக்கம் பொருத்துவது) அவர் யோசிப்பார்.