ஊர் திரும்புகிறவருக்குக் கிரைண்டர் எதற்கு?

திருச்சிப் பக்கத்து இலங்கை அகதிகள் முகாமிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பவிருந்த ஒரு குடும்பத்துக்கு, கும்பகோணத்து நண்பர்கள் நாங்கள் சேர்ந்து வழியனுப்புப் பரிசாக ஒரு டேபிள் டாப் கிரைண்டர் வாங்கிக் கொடுத்தோம். நானும் ஐந்நூறு ரூபாய் போட்டேன். விமானத்தில் சாமானை எடை போடுவார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கிரைண்டர் இன்றைக்கும் முகாமில் பக்கத்து வீட்டுக்கு மாவாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாவுக்கு உண்மையில் வேண்டியிருந்தது வேறு. பிள்ளைகளின் சான்றிதழ்களை நாலு செட் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், சென்னைக்கு இரண்டு தடவை போய்வரப் பஸ் காசு வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிட்டார். நாங்களும் கேட்கவில்லை.

டெல்டாக்காரர்கள் இந்தத் தவறைச் செய்யவே கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி குவிந்து கிடந்தது ஞாபகம் இருக்கும். எல்லாவற்றையும் கடலுக்குப் பறிகொடுத்தவர்கள்கூட அதைத் தொடவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது எங்கள் வேதாரண்யம் பக்கத்துக்கு வந்த லாரிகளில் பிரெட்டும் பிஸ்கட்டும் இருந்தன, அவையும் மெயின் ரோட்டோடு நின்றன. உள்ளே எங்கள் தெருவுக்குத் தேவைப்பட்டது, சாய்ந்த தென்னையை அறுக்க ஒரு மெஷினும், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு வாடகை ஜெனரேட்டரும்தான். அன்றைக்கு வரிசையில் நின்ற நாமே கொடுக்கிற இடத்துக்கு வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பல கட்டங்களாகத் தமிழ்நாட்டுக்கு வந்த ஈழத்தமிழர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். போர் 2009 மே மாதம் முடிந்தது. 2021இல் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர், வெளியே சுமார் 34 ஆயிரம் பேர் இருந்தார்கள். இவர்களில் ஊர் திரும்புகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்புகிறார்கள். உதவுகிறோம் என்று நாம் நுழைந்து குழப்புவதும், அவர்களே அவசரப்பட்டு மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது

'சண்டைதான் முடிந்துவிட்டதே, எல்லோரும் போக வேண்டியதுதானே' என்று டீக்கடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரே முகாமில் மூன்று விதமான ஆட்கள் இருப்பார்கள். வடக்கில் சொந்தக் காணி உள்ளவர் ஒருவர். அடுத்த வீட்டில் மலையகத் தமிழர், அவருடைய தாத்தாவே இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி பின்னால் போனவர். அவர் எந்த ஊருக்குத் திரும்புவது? திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்தவர்கள் உட்பட 65 பேர் இந்தக் கேள்வியோடுதான் இந்தியக் குடியுரிமை கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். அவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று 2019இல் நீதிமன்றம் வழி திறந்தது.

மூன்றாவது ஆள்தான் முக்கியம். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், இந்தியச் சட்டப்படி பிறப்பாலேயே குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து கொட்டப்பட்டில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு இதே அடிப்படையில்தான் 2022இல் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது மதுரைக் கிளை. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். இப்படிப்பட்ட ஒருவரைக் குடும்பத்தோடு சேர்த்து இலங்கைப் பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வைப்பது, அவர் கையில் இருப்பதை நாமே பிடுங்குகிற மாதிரி. பிறந்த தேதியைப் பார்க்காமல் படிவத்தில் கை வைக்கவே கூடாது.

பேரில் ஓர் எழுத்து

முகாமில் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தால் இது தெரியும். அப்பாவின் இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் அவருடைய தகப்பன் பெயர் முழுதாக முன்னால் நிற்கும்: 'முத்துலிங்கம் சிவகுமாரன்'. முகாம் அட்டையில் 'எம். சிவகுமார்'. ஆதாரில் 'சிவக்குமார்'. மகள் பள்ளிக்கூட டி.சி.யில் தகப்பன் பெயர் 'குமார்'. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டது அப்படி, எழுதியதும் அப்படி. நாலு தாளிலும் ஒரே மனிதர்தான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அவர் நாலு மனிதர். இதை இங்கே இருக்கும்போதே சரிசெய்துகொள்ள வேண்டும். போன பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு திருத்தம் வாங்குவது கடலில் ஊசி தேடுவதுதான்.

அதைவிடப் பெரிய தவறு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் விஷயம். நகராட்சி கொடுத்த சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது, போதும் என்று இருந்துவிடுகிறார்கள். இலங்கைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாகப் பதிந்து, வம்சாவளிக் குடியுரிமை பெற வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிவது முறை. பிந்தினாலும் பதியலாம், ஆனால் அலைச்சல் கூடும். பெற்றோர் கல்யாணத்தைப் பதிந்த தாளும் கேட்பார்கள். முகாம் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டி அதோடு விட்டவர்கள் நிறையப் பேர். 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்தப் பதிவுகளுக்காகப் பல வருடங்களாகக் குடும்பங்களோடு அலைந்திருக்கிறது. அவர்களிடம் ஒரு நடை போய்க் கேட்பது, நாமாக ஒரு படிவத்தை நிரப்பிக் கெடுப்பதைவிட மேல்.

படிக்கிற பிள்ளை இருந்தால் இன்னொன்று. இங்கே பள்ளி ஜூனில் திறக்கும், அங்கே வழக்கமாக ஜனவரியில். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது பிள்ளையைக் கிளப்பிக்கொண்டு போனால் இரண்டு பக்கத்துச் சான்றிதழும் இல்லாமல் நிற்கும்.

காணி

எங்களுக்கு நிலம் என்றால் மா, குழி, வேலி. அவர்களுக்குப் பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். நாம் பத்திரம் என்பதை அவர்கள் உறுதி என்பார்கள். முகாமில் ஒரு பெரியம்மா, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய உறுதியை எடுத்து என் மடியில் வைத்து, "தம்பி, உறுதி என்னட்டை இருக்கு. காணியிலை இப்ப ஆர் இருக்கினம் எண்டுதான் தெரியேல்லை" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் பாதிப் பிரச்சினை அடங்கிவிட்டது.

உறுதி கையில் இருந்தால் நிலம் நம்முடையது என்று நம்பிப் போவதுதான் நான் பார்த்ததில் அடிக்கடி நடக்கும் தவறு. இலங்கையில் ஒருவர் அடுத்தவர் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தால் உரிமை கோரலாம். போரால் கோர்ட்டுக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் ஒரு தனிச்சட்டம் கொண்டுவந்தார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் வழக்குப் போட இரண்டே வருட அவகாசம்தான், 2018இல் அது முடிந்துவிட்டது. முகாம்களில் எத்தனை பேர் காதுக்கு அந்தச் செய்தி போனது? நான் கேட்ட ஒருவருக்கும் தெரியவில்லை. இனி வழக்கமான சட்டப்படிதான் பார்க்க வேண்டும், அதற்கு அங்கே ஒரு வக்கீல் வேண்டும்.

வன்னியில் பல குடும்பங்களிடம் இருப்பது உறுதியே இல்லை, அரசு கொடுத்த பெர்மிட். அதன் கதை வேறு. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கு போன்ற இடங்களில் ராணுவம் காணியைத் துண்டு துண்டாகத்தான் விட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் திரும்பக் கிடைத்தது என்பதை வைத்து, பக்கத்துத் தெருவில் இருக்கும் உங்கள் வளவும் (வீட்டு மனையும்) கிடைத்துவிட்டது என்று கணக்குப் போடக் கூடாது. அந்தந்தக் காணியின் நிலை கிராம சேவையாளருக்கும் (நம்மூர் வி.ஏ.ஓ. மாதிரி) பிரதேச செயலகத்துக்கும்தான் தெரியும்.

'போனால் இந்தியா வீடு கட்டிக் கொடுக்கும்' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வடக்கு கிழக்கில் 46,000 வீடுகளுக்கான அந்தத் திட்டம் எப்போதோ கட்டி முடிந்துவிட்டது. அப்போதே ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய்தான், தவணையாக. கொஞ்சம் பெரிசாகக் கட்டுவோமே என்று இறங்கிக் கடன்பட்டவர்கள் உண்டு.

முப்பது வருடம் ஆளில்லாத வளவு காடாகிக் கிடக்கும். போனதும் தீ வைத்துச் சுத்தம் பண்ணாதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் மட்டுமில்லை, இல்லாவிட்டாலும் கிராம சேவையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட வேண்டும். முகமாலைப் பக்கம் போர் முடிந்து பல வருடங்கள் கழித்தும் மிதிவெடி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விவசாயக் குடும்பம் என்றால் பட்டம் பார்த்துப் போகச் சொல்லுங்கள். இங்கே ஜூன் 12 மேட்டூர் திறப்பை வைத்து நாற்று விடுகிற பழக்கம் அங்கே உதவாது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை, மேட்டூர் மாதிரி அணையும் இல்லை, மழையை நம்பிக் காலபோகம் என்கிற மழைக்காலச் சாகுபடிதான். ஜனவரியில் போய் இறங்கினால் அடுத்த விதைப்புவரை கைக்காசில் சாப்பிட வேண்டும். ஆடுதுறை விதைநெல்லைப் பையில் ஒளித்துக் கொடுத்து அனுப்பாதீர்கள், அனுமதி இல்லாமல் விதை கொண்டுபோக முடியாது. (எங்கள் மாமா ஒருவர் முயன்றார்.)

பயணம்

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, உடனே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்ததும், 'நாகையில ஏறினா நாலு மணி நேரம், போய்விட வேண்டியதுதானே' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களின் கப்பல். முகாமில் பதிந்தவருக்குத் தூதரகப் பயணப் பத்திரம், கியூ பிரிவுப் போலீஸ் விசாரணை, வெளியேறும் அனுமதி எல்லாம் வேண்டும். இதையெல்லாம் தாண்ட முடியாமல் கள்ளப் படகில் ஏறுகிறவர்கள் உயிரையும் பணயம் வைக்கிறார்கள், போய்ச் சேர்ந்தாலும் வழக்கைச் சுமக்கிறார்கள்.

முறையாகப் போனாலும் சிக்கல் வரலாம். 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். ஏற்பாட்டில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கிய ஒரு முதியவரை, அந்தக் காலத்தில் முறைப்படி நாட்டைவிட்டுப் போகவில்லை என்று கைது செய்தார்கள். குண்டுக்குப் பயந்து படகேறியவர் குடியகல்வு முத்திரை குத்திக்கொண்டா வருவார்? அதனால், போன வருடம் போனவர் சொன்னதை நம்பி இந்த வருடம் கிளம்பாதீர்கள். கிளம்புகிற வாரத்தில் நிலவரம் என்ன என்று யு.என்.எச்.சி.ஆர். அலுவலகத்தில் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது ஒருவழிப் பயணம். முகாம் பதிவை விட்டுவிட்டுப் போனால், பிடிக்கவில்லை என்று முகாமுக்குத் திரும்பி வர முடியாது. நம் வீட்டுப் பிள்ளை துபாய் போய்ப் பார்த்துவிட்டு வருவதுபோல 'போய்ப் பார்த்துவிட்டு வா' என்று அறிவுரை சொல்லக் கூடாது. பார்த்துச் சொல்ல அங்கே இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் வேண்டும்.

அந்தப் பெரியம்மாவுக்கு அப்படி ஒரு மருமகன் இருந்தார். காணிக்குப் போய் வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பினார். வீடு இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை. கிணற்றுக் கட்டு மட்டும் அப்படியே இருந்தது. நான் கிணற்றைக் காட்டி, "பாருங்க பெரியம்மா, கிணறு நல்லா இருக்கு" என்றேன். அவர் கண் கிணற்றில் இல்லை. படத்தைப் பெரிதாக்கச் சொல்லி ஓரத்தில் நின்ற பூவரசைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்கட எல்லை மரம் தம்பி. ஐயா நட்டது. இப்ப வேலிக்கு அங்காலை நிக்குது."

ஊர் திரும்புவதற்கான விண்ணப்பத்தை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். நில அளவையாளர் அங்கே எவ்வளவு கேட்பார் என்று மருமகனிடம் விசாரிக்கச் சொன்னார்.