ரெய்ஷி நொதித்தலில் கானோடெரிக் அமிலத்தைக் கூட்டும் முறை

ரெய்ஷி என்ற மருத்துவக் காளானின் இழை (நூல்போன்ற பூஞ்சை உடல்) ஃப்ளாஸ்க் நிறைய வளர்ந்துவிட்டால், அது உண்டாக்கும் கசப்புச் சேர்மமான கானோடெரிக் அமிலமும் நிறைய இருக்கும் என்று எண்ண வேண்டாம். வேகமாகப் பெருகும்போது பூஞ்சை சர்க்கரையைப் பெரும்பாலும் உடல் கட்டவே செலவிடுகிறது. அமிலம் கூடுவது வளர்ச்சி தளரும்போதுதான். ஆகவே முதலில் குலுக்கி வளர்த்து, பிறகு அசையாமல் வைக்க வேண்டும்.

ஊடகத்துக்கு (பூஞ்சை வளரும் ஊட்டக் கரைசல்) லிட்டருக்கு குளுக்கோஸ் 35 கிராம், பெப்டோன் 5, ஈஸ்ட் சாறு 2.5, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1, மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 0.5, வைட்டமின் பி1 0.05 கிராம். பிஎச் 5.5. 121 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்குங்கள். குளுக்கோஸைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து சேர்த்தால் ஊடகம் பழுப்பேறாது. பி1 வெப்பம் தாங்காது, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டுச் சேர்க்கவும்.

விதையில், அதாவது ஊடகத்தில் முதலில் இடும் பூஞ்சையில்தான், பலர் சறுக்குகிறார்கள். அகாரிலிருந்து (பூஞ்சை வளர்த்த கூழ்த் தட்டு) வெட்டிய துண்டுகளை அப்படியே போட்டால் கோலி அளவு உருண்டைகள் வரும்; உள்ளே ஆக்சிஜன் போகாமல் நடுப்பகுதி செத்துக் கரையும். விதைக் கலவையைக் கிருமி நீக்கிய மிக்சியில் ஐந்து ஐந்து விநாடியாக இரண்டு முறை மட்டும் அடித்து, 10 சதவீதம் சேருங்கள். அதிகம் அடித்தால் இழைகள் சிதைந்து வளர்ச்சி தாமதமாகும்.

250 மில்லி ஃப்ளாஸ்க்கில் 50 மில்லி, 30 டிகிரி, 120 ஆர்பிஎம், நான்கு நாள். பிறகு ஷேக்கரை நிறுத்திவிடலாம். மேற்பரப்பில் வெண்படலம் படரும். அந்தப் படலம்தான் நமக்கு வேண்டியது, தொடாதீர்கள். திரவத்தின் ஆழம் ஒன்றிரண்டு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, பஞ்சு அடைப்பும் இறுக்கமாக இருக்கக் கூடாது. குலுக்கலை நிறுத்தும்போது சர்க்கரை மிச்சம் இருக்க வேண்டும். தீர்ந்திருந்தால் படலம் மெலிந்துவிடும். அடுத்த முறை ஒரு நாள் முன்னதாக நிறுத்துங்கள்.

இப்படி அசையாமல் எட்டு முதல் பன்னிரண்டு நாள் வரை வைத்துப் பார்க்கலாம். மாதிரி எடுக்க ஒரே ஃப்ளாஸ்க்கைத் திரும்பத் திரும்பத் திறந்தால் படலம் கிழியும், கிருமியும் நுழையும். ஒவ்வொரு நாள் கணக்குக்கும் மூன்று ஃப்ளாஸ்க் தனியே ஒதுக்குங்கள்.

தூண்டியாக, அதாவது அமில உற்பத்தியைக் கிளப்பும் பொருளாக, மெத்தில் ஜாஸ்மொனேட்டை 50 முதல் 250 மைக்ரோமோலார் வரை சோதிக்கலாம். அதை எத்தனாலில் கரைப்பதால், எத்தனால் மட்டும் சேர்த்த ஃப்ளாஸ்க்கும் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். இல்லையேல் பலன் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. அடிப்படை முறை நிலைப்படும் முன் தூண்டிகளில் இறங்குவது வீண்.

அளக்கும்போது கிராமுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு என்ற இரண்டையும் குறியுங்கள். கிராமுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரு லிட்டரில் 15 கிராம் உலர் இழை தருவது 150 மில்லிகிராம். 25 வீதம் 8 கிராம் தருவதோ 200. இழை குறைந்தும் அமிலம் கூடியிருக்கிறது.

அமிலம் அல்ல, பாலிசாக்கரைடுதான் (நீண்ட சர்க்கரைச் சங்கிலி) இலக்கு என்றால் கணக்கே வேறு. திரவத்தோடு நான்கு மடங்கு 95 சதவீத எத்தனால் சேர்த்து, 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்துப் படியவைக்க வேண்டும். ஊடகத்தில் உருளைக்கிழங்குச் சாறோ மால்டோடெக்ஸ்ட்ரினோ இருந்தால் அதுவும் சேர்ந்து படிந்து, பூஞ்சை உண்டாக்காததையும் அதன் கணக்கில் ஏற்றிவிடும். விதையிடாத ஊடகத்தையும் அதேபோல் படியவைத்து, வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.